வறண்ட கோடையில் எகிறும் வைக்கோல் விலை: வட இந்தியத் தீவனச் சந்தை தடுமாறுவது ஏன்?

புது தில்லி: கோதுமை அறுவடை நடைபெறும் ஏப்ரல், மே மாதங்களில் வட மாநிலங்களில் இரண்டு சந்தைகள் ஒரே நேரத்தில் இயங்குகின்றன. ஒன்று தானியச் சந்தை. அதன் வரத்து, கொள்முதல், கையிருப்பு, விலை ஆகிய அனைத்தும் அரசால் தொடர்ந்து கணக்கிடப்பட்டு வெளியிடப்படுகின்றன. மற்றொன்று, அதே வயலில் அதே பயிரிலிருந்து கிடைக்கும் வைக்கோலுக்கான சந்தை. கோடிக்கணக்கான மாடுகளும் எருமைகளும் ஆண்டு முழுவதும் இதை நம்பியே இருக்கின்றன. எனினும், இந்தச் சந்தைக்கு ஆதரவு விலை கிடையாது. அரசுக் கையிருப்பு கிடையாது. தட்டுப்பாடு நெருங்குகிறது என்று முன்கூட்டியே அறிவிக்கும் ஏற்பாடும் கிடையாது.

மழை போதிய அளவு பெய்த ஆண்டுகளில் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை. கோடை வறண்டு, வெப்பம் முன்னதாகவே தொடங்கும் ஆண்டுகளில் வைக்கோல் விலை சில வாரங்களுக்குள் இரட்டிப்பாகிறது. மாவட்ட எல்லைகளில் தீவன லாரிகள் நிறுத்தப்படுகின்றன. நிலமற்ற கால்நடை வளர்ப்போர் மாடுகளை விற்கத் தொடங்குகின்றனர். சில மாதங்களுக்குப் பிறகு நகரங்களில் பால் விலை உயர்கிறது. 2022-ஆம் ஆண்டுக் கோடையில் பஞ்சாப், ஹரியாணா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேச மாநிலங்களில் நிகழ்ந்தது இதுவே. ஒவ்வொரு வறண்ட கோடையிலும் தீவனச் சந்தை எவ்வாறு செயல்படுகிறது என்பதை அறிய அந்த ஆண்டின் அனுபவம் உதவுகிறது.

ஒரே அறுவடை, ஓராண்டுக்கான இருப்பு

கோதுமை வைக்கோலைப் பொடியாக நறுக்கிக் கிடைக்கும் உலர்தீவனம் உத்தரப் பிரதேசத்தில் ‘பூசா’ என்றும், பஞ்சாபில் ‘தூடி’ என்றும், ஹரியாணாவில் ‘தூடா’ என்றும் அழைக்கப்படுகிறது. அறுவடை இயந்திரம் கதிர்களை அறுத்துச் சென்றபின் வயலில் நிற்கும் தாளை, வைக்கோல் சேகரிக்கும் மற்றோர் இயந்திரம் வெட்டி நறுக்கி இழுவை வண்டியில் நிரப்புகிறது. இந்தப் பணி சில வாரங்களில் முடிந்துவிடும். அதன் பிறகு அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை புதிய வரத்து கிடையாது.

எனவே, வசதியுள்ள விவசாயிகள் விலை மலிவாக இருக்கும் அறுவடைக் காலத்திலேயே ஓராண்டுக்கான தீவனத்தைச் சேமித்துக்கொள்கின்றனர். ஹரியாணா, பஞ்சாப் கிராமங்களில் ‘கூப்’ எனப்படும் குவிமாட வடிவிலான வைக்கோல் போர்கள் இவ்வாறு அமைக்கப்படுபவையே. இடவசதியும் கைப்பணமும் இல்லாதோர் மாதந்தோறும் வாங்குகின்றனர். ஆண்டின் பிற்பகுதியில் விலை ஏறும்போது அந்தச் சுமை முழுவதும் இவர்கள் மீதே விழுகிறது.

வைக்கோல் சந்தையின் மற்றொரு தன்மையும் கவனிக்கத்தக்கது. விலை உயர்ந்தால் வரத்தும் உயரும் என்ற பொதுவான விதி இதற்குப் பொருந்துவதில்லை. வைக்கோலுக்காக யாரும் கோதுமை பயிரிடுவதில்லை. எவ்வளவு பரப்பில் கோதுமை விதைப்பது என்பதைத் தானியத்தின் விலை முடிவு செய்கிறது. வைக்கோல் அதன் உடன்விளைவாகக் கிடைக்கிறது. வைக்கோல் கிலோ 5 ரூபாய்க்கு விற்றாலும் 15 ரூபாய்க்கு விற்றாலும் அந்த ஆண்டின் மொத்த வரத்து பெரிதாக மாறாது. தேவை மட்டும் நாள்தோறும் தொடர்கிறது. பட்டினி கிடக்கும் மாட்டுக்கு அடுத்த பருவம் வரை காத்திருக்குமாறு சொல்ல இயலாது.

2019-ஆம் ஆண்டின் 20-வது கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 19.25 கோடி மாடுகளும் 10.98 கோடி எருமைகளும் உள்ளன. மொத்த சாகுபடிப் பரப்பில் தீவனப் பயிர்களுக்கு ஒதுக்கப்படுவது சுமார் 4 சதவீதம் மட்டுமே. ஜான்சியில் உள்ள இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீடுகள், பசுந்தீவனத்தைவிட உலர்தீவனத்திலேயே பற்றாக்குறை கூடுதல் என்று காட்டுகின்றன. தேவையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு உலர்தீவனம் சாதாரண ஆண்டுகளிலேயே கிடைப்பதில்லை. வறட்சி ஆண்டின் நெருக்கடி இந்த நிரந்தரப் பற்றாக்குறையின் மீது வந்து சேர்கிறது.

2022: ஒன்றுசேர்ந்த காரணங்கள்

2022 மார்ச் மாதம், இந்திய வானிலை ஆய்வுத் துறையின் 122 ஆண்டுகாலப் பதிவுகளில் நாடு முழுவதற்குமான சராசரி அதிகபட்ச வெப்பநிலை உச்சத்தைத் தொட்ட மார்ச் மாதமாக அமைந்தது. ஏப்ரலிலும் வடமேற்கு, மத்திய இந்தியாவில் அதே நிலை நீடித்தது. மணி பிடிக்கும் பருவத்தில் அடித்த அனல்காற்றால் கோதுமை முன்னதாகவே முற்றியது. அந்த ஆண்டு பிப்ரவரியில் 11.13 கோடி டன் என்று கணிக்கப்பட்ட கோதுமை விளைச்சல், இறுதி மதிப்பீட்டில் 10.77 கோடி டன்னாகக் குறைந்தது. அரசுக் கொள்முதல் முந்தைய ஆண்டின் 4.33 கோடி டன்னிலிருந்து 1.88 கோடி டன்னாகச் சரிந்தது. மே 13 அன்று கோதுமை ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை விதித்தது.

தானியத்தைப் பொறுத்தவரை அரசின் கணக்கீடும் நடவடிக்கையும் இவ்வாறு சில வாரங்களுக்குள் வெளிவந்தன. வைக்கோல் எவ்வளவு குறைந்தது என்பதற்கு இதற்கு இணையான கணக்கு எதுவும் வெளியிடப்படவில்லை.

வெப்பம் மட்டும் காரணமன்று. அதற்கு முந்தைய ஆண்டு கடுகு விலை குவிண்டாலுக்கு 7,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. குறைந்தபட்ச ஆதரவு விலையோ 5,050 ரூபாய். இதனால் 2021-22 குளிர்காலப் பருவத்தில் விவசாயிகள் பெருமளவில் கடுகுக்கு மாறினர். விதைப்புக் கால விவரங்களின்படி, நாட்டில் கடுகுப் பரப்பு முந்தைய ஆண்டின் 73 லட்சம் ஹெக்டேரிலிருந்து சுமார் 91 லட்சம் ஹெக்டேராக உயர்ந்தது. ராஜஸ்தான், ஹரியாணாவில் கோதுமைக்குப் பதிலாகக் கடுகு விதைக்கப்பட்ட ஒவ்வொரு வயலும் வைக்கோல் கணக்கிலிருந்து கழிந்த வயலாகும். கடுகுத் தட்டையைக் கால்நடைகள் விரும்பி உண்பதில்லை. அது பெரும்பாலும் செங்கல் சூளைகளுக்கு எரிபொருளாகச் செல்கிறது. சமையல் எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கும் நோக்கில் எண்ணெய் வித்துக்கள் ஊக்குவிக்கப்பட்டபோது, அதன் எதிர்விளைவு தீவனத்தில் எப்படி இருக்கும் என்பது விவாதிக்கப்படவே இல்லை.

2021 ஆகஸ்டில் தென்மேற்குப் பருவமழை இயல்பைவிட 24 சதவீதம் குறைந்ததும் ஒரு காரணம். மேற்கு ராஜஸ்தானில் கம்பந்தட்டையும் கொத்தவரைத் தாளும் முக்கியத் தீவனங்கள். மானாவாரிப் பயிர்கள் வாடியதால் அவற்றின் இருப்பு குறைந்து, கோதுமை வைக்கோலைத் தேடும் தேவை கூடியது. இத்துடன், 2022 மார்ச் 22 முதல் ஏப்ரல் 6 வரை டீசல் விலை லிட்டருக்கு 10 ரூபாய் உயர்ந்தது. வைக்கோல் சேகரிக்கும் இயந்திரத்தின் வாடகையும் லாரி வாடகையும் அறுவடைக்குச் சற்று முன்னதாக ஏறின.

முந்தைய ஆண்டுகளில் அறுவடைக் காலத்தில் கிலோ 4 முதல் 6 ரூபாய் வரை விற்ற வைக்கோல், 2022-ல் பல இடங்களில் 10 ரூபாயைக் கடந்தது. வைக்கோல் விளையும் பகுதிகளிலிருந்து தொலைவில் உள்ள ராஜஸ்தான் மாவட்டங்களில் விலை மேலும் கூடுதலாக இருந்தது. மொத்த விலைக் குறியீட்டில் தீவனத்தின் பணவீக்கம் 2022 ஆகஸ்டில் 25 சதவீதத்தைத் தாண்டியது. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளில் காணாத உயர்வு இது.

மூடப்பட்ட எல்லைகள்

விலை உயர்ந்ததும் மாவட்ட நிர்வாகங்கள் எடுத்த முதல் நடவடிக்கை தடை உத்தரவு. ஹரியாணாவின் சில மாவட்டங்களில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-வது பிரிவின் கீழ், வைக்கோலை வெளி மாநிலங்களுக்குக் கொண்டுசெல்லவும் செங்கல் சூளைகளிலும் ஆலைகளிலும் பயன்படுத்தவும் தடை விதிக்கப்பட்டது. உள்ளூர்க் கால்நடைகளுக்கும் கோசாலைகளுக்கும் தீவனம் கிடைக்க வேண்டும் என்பதே இதற்குக் கூறப்பட்ட காரணம். ராஜஸ்தானும் இமாச்சலப் பிரதேசமும் பஞ்சாப், ஹரியாணா வைக்கோலையே பெரிதும் சார்ந்துள்ளன. தடையை விலக்குமாறு ராஜஸ்தான் தரப்பிலிருந்து கோரிக்கை எழுந்தது.

ஒரு மாவட்ட ஆட்சியரின் பார்வையில் இந்த உத்தரவில் நியாயம் உண்டு. தம் மாவட்டத்தின் கால்நடைகளுக்கு அவர் பொறுப்பாளர். வெளியூர் வியாபாரிகள் இருப்பை அள்ளிச் செல்வதை அவர் வேடிக்கை பார்க்க இயலாது. ஆனால், பல மாவட்டங்கள் ஒரே நேரத்தில் இவ்வாறு செய்யும்போது விளைவு வேறாகிறது. தடை உள்ள பகுதியில் விற்பவருக்குக் கிடைக்கும் விலை குறைகிறது. தடைக்கு அப்பால் வாங்குபவர் கொடுக்கும் விலை மேலும் உயர்கிறது. வைக்கோல் உபரியாக உள்ள மாவட்டத்துக்கும் பற்றாக்குறை உள்ள மாவட்டத்துக்கும் இடையே சந்தை செய்துவந்த வேலை நின்றுபோகிறது.

இதில் கால அளவும் முக்கியமானது. 144-வது பிரிவின் கீழ் மாவட்ட நிர்வாகம் பிறப்பிக்கும் உத்தரவு பொதுவாக இரண்டு மாதங்களுக்கு மேல் நீடிக்காது. மற்ற சூழல்களில் இது குறுகிய காலம். வைக்கோலைப் பொறுத்தவரை அந்த இரண்டு மாதங்களே ஓராண்டுக்கான இருப்பு வாங்கிச் சேமிக்கப்படும் காலம். உத்தரவு காலாவதியாகும்போது பருவமழை நெருங்கியிருக்கும்; நனைந்தால் கெட்டுப்போகும் சரக்கைத் தொலைதூரம் அனுப்புவது அதன் பிறகு கடினம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-வது பிரிவில் இதே அதிகாரம் தொடர்கிறது.

அரசமைப்புச் சட்டத்தின் 301-வது பிரிவு, இந்தியா முழுவதும் வணிகம் தடையின்றி நடைபெற வேண்டும் என்கிறது. பொதுநலன் கருதி மாநிலங்கள் நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்க 304-வது பிரிவு இடமளிக்கிறது. அதற்கு மாநிலச் சட்டமும், அந்த மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் முன் அனுமதியும் தேவை. பொது அமைதிக்கான ஒரு பிரிவைக் கொண்டு மாநிலங்களுக்கு இடையேயான தீவன வணிகத்தை நிறுத்துவது இந்த ஏற்பாட்டுடன் எவ்வளவு பொருந்துகிறது என்ற கேள்வி எழுகிறது.

அத்தியாவசியப் பட்டியலில் இல்லாத தீவனம்

மாவட்ட நிர்வாகங்கள் இந்தப் பிரிவை நாடுவதற்குப் பின்னணியில் ஒரு சட்ட மாற்றமும் உள்ளது. 1955-ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருள்கள் சட்டம் இயற்றப்பட்டபோது, அத்தியாவசியப் பொருள்களின் வரிசையில் புண்ணாக்கு உள்ளிட்ட கால்நடைத் தீவனம் முதலிடத்தில் குறிப்பிடப்பட்டிருந்தது. பதுக்கலைத் தடுக்கவும் இருப்புக்கு வரம்பு விதிக்கவும் அந்தச் சட்டம் அரசுக்கு அதிகாரம் அளித்தது.

2006-ல் நிறைவேற்றப்பட்ட திருத்தத்தின் மூலம் பட்டியல் சுருக்கப்பட்டது. மருந்துகள், உரங்கள், உணவுப் பொருள்கள், பெட்ரோலியப் பொருள்கள் முதலிய சில இனங்கள் மட்டும் தக்கவைக்கப்பட்டன. தீவனம் தொடர்பாக அந்த அட்டவணையில் இப்போது எஞ்சியிருப்பது தீவனப் பயிர்களின் விதை மட்டுமே. விதை அத்தியாவசியப் பொருள். அதிலிருந்து விளையும் தீவனம் அவ்வாறன்று என்ற நிலை உருவாகியுள்ளது.

பட்டியலை நீட்டுவதால் மட்டும் தட்டுப்பாடு தீராது என்பது உண்மை. இருப்புக் கட்டுப்பாடுகள் வியாபாரிகள் சரக்கைச் சேமித்து வைப்பதையே தடுக்கக்கூடும். வைக்கோல் போன்ற பருவகாலச் சரக்குக்குச் சேமிப்பு தேவை. ஆனால் சந்தையைச் சீராக்கும் வேறு எந்தக் கருவியும் கைவசம் இல்லாத நிலையில், சோதனைச்சாவடியில் லாரியை நிறுத்துவது ஒன்றே நிர்வாகத்துக்குத் தெரிந்த வழியாகிவிடுகிறது.

சுமை யார் தலையில்?

விலை உயர்வின் தாக்கத்தை ஓர் எளிய கணக்கின் மூலம் புரிந்துகொள்ளலாம். 400 கிலோ எடையுள்ள எருமைக்கு அதன் உடல் எடையில் 2.5 முதல் 3 சதவீதம் வரை, அதாவது நாளொன்றுக்கு 10 முதல் 12 கிலோ உலர்பொருள் தேவை. அதில் பாதியை வைக்கோல் தருகிறது என்று கொண்டால் 5 முதல் 6 கிலோ ஆகிறது. கிலோ விலை 5 ரூபாயிலிருந்து 10 ரூபாயாக உயர்ந்தால், ஓர் எருமைக்கு நாளொன்றுக்குக் கூடுதலாக 25 முதல் 30 ரூபாய் செலவாகும்.

சிறு கால்நடை வளர்ப்பாளரிடம் இரண்டு எருமைகள் இருந்தால், பல மாதங்கள் அவற்றில் ஒன்று மட்டுமே பால் தரும். மற்றொன்று சினையாகவோ பால் வற்றியோ இருக்கும். அதற்கும் தீனி போட வேண்டும். கறவையில் உள்ள எருமை 6 லிட்டர் பால் தருமானால், இரண்டுக்குமான கூடுதல் வைக்கோல் செலவு லிட்டருக்கு 8 முதல் 10 ரூபாய் வரை ஏறுகிறது. புண்ணாக்கு, தவிடு ஆகியவற்றின் விலை உயர்வு இதில் சேரவில்லை. பால் உற்பத்திச் செலவில் 60 முதல் 70 சதவீதம் வரை தீவனத்துக்கே செல்கிறது என்பது கால்நடைத் துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு.

மறுபுறம், தில்லியில் அமுல் நிறுவனத்தின் முழுக்கொழுப்புப் பால் 2022 பிப்ரவரியில் லிட்டர் 58 ரூபாய்க்கு விற்றது. பல கட்ட உயர்வுக்குப் பின் 2023 பிப்ரவரியில் 66 ரூபாயை எட்டியது. ஓராண்டில் 8 ரூபாய் உயர்வு. நுகர்வோர் தரும் ஒவ்வொரு ரூபாயிலும் சுமார் 80 காசு உற்பத்தியாளருக்குச் செல்வதாகக் கூட்டுறவு அமைப்பு கூறுகிறது. அதன்படி பார்த்தாலும் உற்பத்தியாளருக்குக் கிடைத்த உயர்வு லிட்டருக்குச் சுமார் 6 ரூபாய் 40 காசு. அதுவும் ஓராண்டில் சிறுகச் சிறுக வந்தது. தீவனச் செலவோ அறுவடை முடிந்த சில வாரங்களிலேயே முழுமையாக ஏறியிருந்தது. கூட்டுறவுச் சங்கங்களுக்கு வெளியே உள்ளூர்ப் பால் வியாபாரிகளுக்கு விற்போருக்கு இந்த அளவு உயர்வும் உறுதியில்லை.

சொந்த நிலத்தில் கோதுமை விளைவிக்கும் விவசாயிக்கு இந்தச் சுமை குறைவு. வைக்கோலை விற்று அவர் லாபமும் பெறலாம். நிலமற்றோரும், கடுகுக்கு மாறிய சிறு விவசாயிகளும், மானாவாரிப் பகுதியினரும் வாங்கும் தரப்பில் நிற்கின்றனர். கிராமப்புற இந்தியாவில் பால் மாடு பல குடும்பங்களுக்கு வாரச் சம்பளம் போன்றது. அதை விற்றுவிட்டால் அடுத்த ஆண்டு மழை நன்றாகப் பெய்தாலும் மீண்டும் வாங்குவது எளிதன்று. எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க முற்படும்போது மாட்டுச் சந்தையில் விலை வீழ்கிறது என்பதும் சேர்ந்துகொள்கிறது.

கோசாலைகளின் நிலையும் இதே நெருக்கடியைக் காட்டியது. உத்தரப் பிரதேசத்தில் ஆதரவற்ற பசுக்களைப் பராமரிக்க அப்போது மாடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 30 ரூபாய் வழங்கப்பட்டது. கிலோ 10 ரூபாய் விலையில் அந்தத் தொகை 3 கிலோ வைக்கோலுக்கு மட்டுமே போதுமானது. 2023-ல் இது 50 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 5.68 கோடி கால்நடைகளுடன் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடத்தில் உள்ள ராஜஸ்தானில், தீவனத் தட்டுப்பாட்டைத் தொடர்ந்து அதே ஆண்டு தோல்கழலை நோயும் பரவியது. நாடு முழுவதும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகளை அந்நோய் பலிகொண்டது.

பால் விலை நெருக்கடியை ரிசர்வ் வங்கியும் கவனிக்க நேர்ந்தது. கோடையில் பால் விலை இறங்க வாய்ப்பில்லை என்றும், அதற்குத் தீவனச் செலவும் ஒரு காரணம் என்றும் 2023 ஏப்ரல் நிதிக்கொள்கை அறிக்கையில் அது குறிப்பிட்டது. வைக்கோல் விலை உயரத் தொடங்கி அப்போது ஓராண்டு கடந்திருந்தது.

தக்காணத்தில் வேறு பயிர், அதே கதை

இது கோதுமை விளையும் வட மாநிலங்களுக்கு மட்டும் உரிய சிக்கலன்று. மகாராஷ்டிரத்தின் மராத்வாடா பகுதியில் ‘கட்பா’ எனப்படும் சோளத்தட்டையே முதன்மையான உலர்தீவனம். அங்கு நீண்டகாலமாகச் சோளப் பரப்பு குறைந்து சோயாபீன்ஸ் பரப்பு பெருகியது. ராஜஸ்தானில் கடுகு செய்ததை மராத்வாடாவில் சோயாபீன்ஸ் செய்தது: உழவரின் வருவாய் கூடியது, மாட்டுக்கான தட்டை குறைந்தது.

2018 அக்டோபரில் மகாராஷ்டிர அரசு 151 வட்டங்களை வறட்சி பாதித்தவையாக அறிவித்தது. 2019 கோடையில் பீட், அகமத்நகர், சோலாப்பூர் உள்ளிட்ட மாவட்டங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ‘சாவணி’ எனப்படும் கால்நடை முகாம்கள் இயங்கின. குடும்பத்தில் ஒருவர் மாடுகளுடன் முகாமிலேயே தங்கினார். தீவனம் இல்லாத இடத்தில் கரும்பையே வெட்டி மாடுகளுக்குப் போட்டனர். முகாம்கள் பல லட்சம் கால்நடைகளைக் காப்பாற்றின என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை தட்டுப்பாடு முற்றிய பிறகு எடுக்கப்படும் நிவாரண நடவடிக்கை. அரசுக்கு ஆகும் செலவும் அதிகம்.

2023-ல் கர்நாடகத்தில் 236 வட்டங்களில் 223 வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. அங்கும் தீவனத்தை வெளி மாநிலங்களுக்குக் கொண்டுசெல்லக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. பாசன வசதியுள்ள விவசாயிகளுக்குத் தீவன விதைத் தொகுப்புகள் வழங்கப்பட்டன. இரண்டாவது நடவடிக்கை வரத்தைக் கூட்டுவது. முதலாவது இருப்பதைத் தடுத்து நிறுத்துவது. நெருக்கடி காலத்தில் இரண்டும் ஒருசேர வந்தாலும் அவற்றின் விளைவுகள் நேரெதிரானவை.

பஞ்சாபில் எரியும் வைக்கோல்

ஒருபுறம் தட்டுப்பாடு இருக்கும்போது, பஞ்சாபில் ஒவ்வோர் ஆண்டும் உருவாகும் சுமார் 2 கோடி டன் நெல் தாளில் ஒரு பகுதி வயலிலேயே எரிக்கப்படுவது ஏன் என்ற கேள்வி இயல்பாக எழும். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது கூடுதல் வியப்பைத் தரலாம். காவிரிப் படுகையில் சம்பா அறுவடைக்குப் பின் கட்டப்படும் வைக்கோல் கட்டுகள் லாரிகளில் கேரளம் வரை செல்கின்றன. தென் மாநிலங்களில் நெல் வைக்கோலே மாடுகளின் அடிப்படை உணவு.

வட மாநிலங்களில் நிலைமை வேறு. அங்கு மாடுகளுக்குக் கோதுமை வைக்கோல் பழகிய தீவனம். நெல் வைக்கோலில் சிலிகா அளவு கூடுதல் என்பதால் பாசுமதி வகைகளின் தாளைத் தவிர மற்றவற்றை அங்குள்ள விவசாயிகள் தீவனமாக விரும்புவதில்லை. நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே சில வாரங்களே இருப்பதால் சேகரிக்கும் அவகாசமும் குறைவு.

இதைவிடப் பெரிய தடை போக்குவரத்து. வைக்கோல் அதிக இடத்தை அடைத்துக் குறைந்த எடையே தரும் சரக்கு. உதிரி வைக்கோல் ஏற்றிய லாரி, இருபுறமும் புடைத்துச் சாலையை அடைத்துச் சென்றாலும் அதன் முழு எடைத்திறனை எட்டுவதில்லை. பஞ்சாபிலிருந்து ஜெய்சால்மர் அல்லது பார்மர் சென்று சேரும்போது சரக்கின் விலையில் பெரும்பங்கு வாடகையாகிவிடுகிறது. அழுத்திக் கட்டிய கட்டுகளாகவும், வைக்கோலுடன் அடர்தீவனமும் தாது உப்பும் கலந்த தீவனப் பாளங்களாகவும் மாற்றினால் இந்தச் செலவு குறையும். தொழில்நுட்பம் புதியதன்று, வறட்சி இல்லாத ஆண்டுகளில் வாங்குவோர் இல்லாததால் தனியார் முதலீடு தயங்குகிறது.

உலர்தீவனத்துக்குப் போட்டியாளர்களும் பெருகியுள்ளனர். சோனிபத் பகுதியின் காளான் பண்ணைகளுக்குக் கோதுமை வைக்கோல் மூலப்பொருள். அட்டை ஆலைகள், உயிரி எரிபொருள் ஆலைகள், செங்கல் சூளைகள் ஆகியவை ஆண்டு முழுவதும் வாங்கக்கூடியவை. மொத்தமாகப் பணம் தரக்கூடியவை. வறண்ட ஆண்டில் இவற்றுடன் போட்டியிட்டு வாங்க வேண்டிய நிலை இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு ஏற்படுகிறது.

அரசு என்ன செய்கிறது?

மத்திய அரசின் தேசியக் கால்நடை இயக்கம், தீவனப் பாளம், ஊறுகாய்ப்புல், உலர்புல் தயாரிக்கும் அலகுகளுக்கு 50 சதவீத மூலதன மானியத்தை, அதிகபட்சமாக 50 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. 2022-ஆம் ஆண்டின் விலை உயர்வுக்குப் பின், தீவனத்தை மையமாகக் கொண்ட 100 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் பொறுப்பு அந்த ஆண்டு நவம்பரில் தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியத்திடம் ஒப்படைக்கப்பட்டது. இவை இரண்டும் உற்பத்தியைப் பெருக்கும் திட்டங்கள்.

உற்பத்திக்கும் தேவைக்கும் இடையே உள்ள இடைவெளி இன்னும் நிரப்பப்படவில்லை. முதலாவது, தகவல். வைக்கோல் வணிகத்தின் பெரும்பகுதி ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களுக்கு வெளியே, தரகர்கள் வழியாக நடைபெறுகிறது. எந்த மாவட்டத்தில் எவ்வளவு இருப்பு, என்ன விலை என்ற வாராந்திர விவரம் இருந்தால், பற்றாக்குறையைக் கோடை முற்றுவதற்கு முன்பே கணிக்க முடியும். கோதுமைப் பரப்பு, கடுகுப் பரப்பு ஆகிய இரண்டும் ஜனவரியிலேயே தெரிந்துவிடுகின்றன. அவற்றிலிருந்து வைக்கோல் வரத்தை மதிப்பிடுவது கடினமான காரியமன்று.

இரண்டாவது, இருப்பு. வறட்சி அடிக்கடி தாக்கும் மாவட்டங்களில் அறுவடைக் கால விலையிலேயே வாங்கிச் சேமிக்கும் தீவன வங்கிகள் இருந்தால், முகாம்களுக்கும் அவசரக் கொள்முதலுக்கும் ஆகும் செலவில் ஒரு பகுதியை மிச்சப்படுத்தலாம். மூன்றாவது, மேய்ச்சல் நிலம். நாட்டில் நிரந்தர மேய்ச்சல் நிலமாக எஞ்சியிருப்பது சுமார் 1 கோடி ஹெக்டேர். ராஜஸ்தானில் ‘ஓரண்’ எனப்படும் கோயில் காடுகள் வறட்சிக் காலத்தில் கால்நடைகளின் கடைசிப் புகலிடமாக இருந்துவருகின்றன. அவற்றை அடையாளம் கண்டு பாதுகாக்குமாறு 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பொது மேய்ச்சல் நிலம் சுருங்கும் ஒவ்வோர் ஆண்டும், முன்பு விலை கொடுக்காமல் தீவனம் பெற்றவர்கள் சந்தைக்கு வந்து வாங்குவோராகின்றனர்.

கவனிக்க வேண்டியவை

ஒவ்வொரு கோடையிலும் தீவன விலையின் போக்கை அறிய நான்கு குறிப்புகள் உதவும். குளிர்காலத்தில் கோதுமைக்கும் கடுகுக்கும் இடையே விதைப்புப் பரப்பு எப்படிப் பிரிந்தது என்பது முதலாவது. மார்ச் மாத வெப்பநிலை இரண்டாவது. ஏப்ரலில் மாவட்ட நிர்வாகங்கள் பிறப்பிக்கும் போக்குவரத்துத் தடைகள் மூன்றாவது. ஜூன், ஜூலையில் மேற்கு ராஜஸ்தானுக்குப் பருவமழை வந்து சேரும் நாள் நான்காவது. இவற்றில் முதல் இரண்டும் பாதகமாக அமைந்தால் மூன்றாவது தொடர்ந்து வருவதே இதுவரையிலான அனுபவம்.

மொத்த விலைக் குறியீட்டில் தீவனத்துக்கு உரிய இடம் மிகச் சிறியது. மாதந்தோறும் வெளியாகும் அறிக்கையில் அந்த ஒற்றை வரி பெரும்பாலும் கவனிக்கப்படாமலேயே கடந்து செல்லப்படுகிறது. பால் விலை உயர்ந்த பிறகு அதன் காரணத்தைத் தேடுவதைவிட, அந்த வரி ஏறத் தொடங்கும்போதே கால்நடை வளர்ப்போருக்குத் தீவனம் சென்று சேர வழி செய்வது, மாடு வளர்ப்பவருக்கும் பால் வாங்குபவருக்கும் செலவு குறைந்த வழியாக இருக்கும்.